முனைவர் பட்ட ஆய்வுக்கான பணம் யார் பெயரில் இருக்கிறது?

உயிர்மருத்துவ அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறார்கள். எங்கே, யாரிடம், எந்தப் பொருளில் ஆய்வு செய்வது என்பது முதல் கேள்வி. அதற்கான பணத்துக்கு என்ன வழி என்பது இரண்டாவது. முதலில் இடம், பிறகு பணம் என்ற இந்த வரிசை கணிதத்திலோ வரலாற்றிலோ ஓரளவுக்குச் செல்லலாம். செல் வளர்ப்பும் எலிக் கூண்டுகளும் மரபணு வரிசையாக்கமும் இல்லாமல் ஒரு வாரம்கூட நகராத உயிர்மருத்துவத்தில் அது செல்வதில்லை. இங்கே ஒரு மாணவரின் ஆய்வுக்கு ஆகும் செலவு அவருடைய உதவித்தொகையைத் தாண்டிவிடுவது அரிதன்று. ஆகவே, இத்துறையில் காலியிடம் என்று அறிவிக்கப்படுவது உண்மையில் ஏற்கெனவே எங்கோ ஒதுக்கப்பட்டுவிட்ட ஒரு தொகைதான். அந்தத் தொகை யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், யாருக்கு எழுதுவது, எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது, சேர்ந்த பிறகு எவ்வளவு சுதந்திரம் இருக்கும், எந்த ஆண்டில் சிக்கல் வரலாம் என்பவற்றில் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

அறிவிப்புகளில் தவறாமல் காணப்படும் "முழு நிதியுதவி" என்ற சொற்றொடரிலிருந்தே தொடங்கலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று தனித்தனிச் செலவுகள் உண்டு: பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் கல்விக்கட்டணம், மாணவர் உண்டு உறங்கி வாழ்வதற்கான உதவித்தொகை, வேதிப்பொருள்கள், விலங்குகள், கருவி நேரம் ஆகியவற்றுக்கான ஆய்வுச் செலவு. மூன்றையும் ஒரே நிதி சுமக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டனில் யுகேஆர்ஐ என்ற அரசு ஆய்வு நிதி அமைப்பின் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 2025-26 கல்வியாண்டுக்கு அதன் குறைந்தபட்ச வாழ்க்கைத்தொகை 20,780 பவுண்டு. கட்டணத்தைப் பொறுத்தவரை அந்நிதி உள்நாட்டு மாணவருக்கான அளவையே தருகிறது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமோ அதைப் போலப் பல மடங்கு. 2021 முதல் இந்த இடங்களில் 30 சதவீதம் வரை வெளிநாட்டவருக்குத் தரலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆனால் கட்டண வேறுபாட்டைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டியிருப்பதால், வெளிநாட்டவருக்கான இடம் விண்ணப்பதாரரின் தகுதியோடு பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தையும் பொறுத்ததாகிவிடுகிறது. பிற அறக்கட்டளைகள் தரும் உதவித்தொகைகள் பலவற்றில் அந்த வேறுபாடு மாணவர் தலையில்தான் விழுகிறது. முழு நிதியுதவி என்று படித்ததும், இம்மூன்றில் எவையெவை, எத்தனை மாதங்களுக்கு என்று கேட்டுவிடுவது நல்லது.

மாணவர் பெயரில் உள்ள பணம்

முதல் வகையில் நிதி மாணவரைத் தேடி வருகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிறார். இந்தியாவில் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வின் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாகவும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலைக்கு உயரும்போது 42,000 ரூபாயாகவும் உள்ளது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952 முதல் வழங்கிவரும் பட்டமேற்படிப்பு ஆய்வு ஃபெல்லோஷிப்பும், தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் வழங்கும் எஃப்-31 ஃபெல்லோஷிப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அறிவியல் அறக்கட்டளையின் ஃபெல்லோஷிப்பில் இன்னொரு வேலியும் உண்டு: அடிப்படை உயிரியலை ஏற்கும் அது, நோயைக் கண்டறிவது, குணப்படுத்துவது போன்ற நோக்கமுடைய மருத்துவ ஆய்வைப் பொதுவாக ஏற்பதில்லை. ஒரே புரதத்தை ஆராயும் இரு மாணவர்களில் ஒருவர் அதன் மடிப்பைப் பற்றி எழுதித் தகுதி பெறலாம்; மற்றவர் அது தொடர்பான புற்றுநோய்ச் சிகிச்சையைப் பற்றி எழுதியே தகுதியை இழக்கலாம்.

இத்தகைய பணத்தின் பெரிய பலம் பேரம் பேசும் வலிமை. தன் உதவித்தொகையோடு வருபவருக்கு இடம் தருவதில் ஆய்வகத் தலைவருக்கு இழப்பு குறைவு. நெறியாளரோடு ஒத்துவராமல் போனால் வேறிடம் மாறுவதும் ஒப்பீட்டளவில் எளிது. பலவீனம் என்னவென்றால், இந்நிதிகளில் ஆய்வுச் செலவுக்கு என ஒதுக்கப்படும் ஆண்டுத்தொகை மிகச் சிறியது. நிதி வறண்ட ஆய்வகத்துக்குள் உதவித்தொகையோடு நுழைபவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேதிப்பொருள் குப்பிக்காகக் காத்திருக்க நேரும். உதவித்தொகை வென்ற மகிழ்ச்சியில் பலர் கேட்க மறந்துபோவது இதைத்தான்.

ஆய்வைத் தொடங்கிய பிறகும் விண்ணப்பிக்கக்கூடிய நிதிகள் உண்டு. அடிப்படை உயிர்மருத்துவ ஆய்வுக்காக 1983-இல் நிறுவப்பட்ட ஜெர்மானிய அறக்கட்டளையான போரிங்கர் இங்கல்ஹைம் ஃபோண்ட்ஸ், சொந்தமாக வகுத்த ஆய்வுத்திட்டத்தோடு வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஃபெல்லோஷிப் தருகிறது. அதன் கெடுநாள்கள் ஆண்டுக்கு மூன்று: பிப்ரவரி 1, ஜூன் 1, அக்டோபர் 1. ஐரோப்பியர்கள் உலகில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். மற்ற நாட்டவர் ஐரோப்பாவில் ஆய்வு செய்பவராக இருக்க வேண்டும். ஆய்வைத் தொடங்கி ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். ஆகவே, சேர்ந்தபின் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

ஆய்வகத்தின் பெயரில் உள்ள பணம்

இரண்டாம் வகையே எண்ணிக்கையில் பெரியது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் அதுதான். ஆய்வகத் தலைவர் ஒரு குறிப்பிட்ட ஆய்வுத்திட்டத்துக்காக நல்கை, அதாவது ஆய்வு மானியம், பெறுகிறார். அதன் வரவுசெலவில் மாணவர் சம்பளமும் ஒரு வரி. அமெரிக்காவில் என்ஐஎச் வழங்கும் ஆர்-01 என்ற நல்கை இதன் முதன்மையான வடிவம். பொதுவாக அது நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கானது. குடியுரிமை நிபந்தனை மாணவருக்கு இல்லாததால், வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் வாழ்வது இந்தப் பணத்தில்தான்.

இந்த அமைப்பு எப்படி இவ்வளவு பெரிதாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998-க்கும் 2003-க்கும் இடையில் என்ஐஎச் நிதி ஒதுக்கீடு சுமார் 1,360 கோடி டாலரிலிருந்து 2,700 கோடி டாலராக, ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆய்வகங்கள் விரிந்தன, கட்டடங்கள் எழுந்தன, மாணவர்கள் கூடினார்கள். பின்னர் ஒதுக்கீடு தேங்கியது. ஆனால் விரிந்த ஆய்வகங்கள் சுருங்கவில்லை. 2014-இல் புரூஸ் ஆல்பர்ட்ஸ், மார்க் கிர்ஷ்னர், ஷர்லி டில்மன், ஹெரால்ட் வார்மஸ் ஆகிய நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த ஏற்றத்தாழ்வைப் பட்டவர்த்தனமாகச் சுட்டியது. மாணவர்களை ஆய்வு நல்கையின் வழியாக அமர்த்துவதைப் படிப்படியாகக் குறைத்து, பயிற்சிக்கென்றே தரப்படும் நல்கைகளுக்கும் ஃபெல்லோஷிப்புகளுக்கும் மாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரைகளில் ஒன்று. காரணம் விளங்காதது அன்று. ஆய்வு நல்கையில் வாழும் மாணவரின் முதல் கடமை அந்த நல்கை வாக்களித்த வேலையை முடிப்பது. அவருடைய பயிற்சி அதன் பக்கவிளைவாகவே நிகழ்கிறது. நல்ல நெறியாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். அவர் நல்லவரா என்பதை நல்கை உறுதிசெய்வதில்லை.

ஐந்தாண்டு நல்கையையும் ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் எடுக்கும் அமெரிக்க முனைவர் பட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். நல்கையின் மூன்றாம் ஆண்டில் சேரும் மாணவருக்கு, அவருடைய ஆய்வின் மிக முக்கியமான காலத்தில் பணம் முடியும். நல்கை புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம். இதை முன்கூட்டியே அறிய வழி உண்டு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. உயிர்மருத்துவ ஆய்விதழ்களில் வெளியாகும் ஏறத்தாழ ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் நன்றியுரையிலோ நிதி விவரத்திலோ நல்கையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை என்ஐஎச் நடத்தும் ரிப்போர்ட்டர் தரவுத்தளத்தில் இட்டால், நல்கை எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, ஆண்டுக்கு எவ்வளவு, சுருக்கத்தில் என்ன வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வந்துவிடும். பிரிட்டனுக்கு 'கேட்வே டு ரிசர்ச்', ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கோர்டிஸ் என்று இதையொத்த பொதுத் தரவுத்தளங்கள் உள்ளன. புதிதாகத் தொடங்கியுள்ள ஒரு நல்கை, அறிவிப்பு எதுவும் வெளிவராத நிலையிலும், அந்த ஆய்வகத்தில் ஆள் தேவைப்படலாம் என்பதற்கான அடையாளம். வேலைவாய்ப்புப் பக்கங்களைத் தினமும் புரட்டுவதைவிட இந்தத் தரவுத்தளங்களில் ஒரு பிற்பகலைச் செலவிடுவது பயன்மிக்கது என்பது என் கருத்து.

ஐரோப்பாவின் பல நாடுகளில் இதே பணம் சம்பளமாக வருகிறது. ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் பணியாளர். அவருக்கு வேலை ஒப்பந்தம் உண்டு, ஓய்வூதியக் கணக்கு உண்டு, மகப்பேற்று விடுப்பு உண்டு. சேர்க்கையும் வேலைக்கு ஆளெடுப்பது போலவே நடக்கிறது: ஒரு பணியிடம், ஒரு விளம்பரம், ஒரு கெடுநாள். பொதுவான சேர்க்கைக் காலம் என்று ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் அங்கே எதையும் காணமாட்டார். ஜெர்மனியில் உயிரியல் ஆய்வகங்கள் பலவற்றில், அரசு ஊதிய அட்டவணையின் 13-ஆம் தரத்தில் 65 சதவீதம் என்று ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். எதிர்பார்க்கப்படும் உழைப்பு 65 சதவீதமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேரி ஸ்க்வதோவ்ஸ்கா-கியூரி முனைவர் பட்ட வலைப்பின்னல்கள் இக்குடும்பத்திலேயே சற்று வேறுபட்டவை. பல நாடுகளின் ஆய்வகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ள, ஐரோப்பிய ஒன்றியம் மாணவர் ஒவ்வொருவருக்கும் சம்பளம் தருகிறது. குடியுரிமை நிபந்தனை இல்லை. அதற்குப் பதிலாக ஓர் இடமாற்ற விதி: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கு உண்மையிலேயே சாதகமான விதி இது. ஆனால் ஒரு நாட்டில் இரண்டாண்டு முதுகலை படித்துவிட்டு அங்கேயே தொடர நினைப்பவருக்கு இதே விதி தடையாகிவிடும். கால அளவும் கவனிக்கத்தக்கது. இந்நிதி பெரும்பாலும் 36 மாதங்களுக்கே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் எடுக்கும் நாட்டில் நான்காம் ஆண்டுச் சம்பளம் யார் பொறுப்பு என்பதை விளம்பரத்திலேயே தேட வேண்டும், இல்லாவிட்டால் கேட்க வேண்டும்.

பயிற்சித்திட்டத்தின் பெயரில் உள்ள பணம்

மூன்றாம் வகையில் பணம் தனி ஆய்வகத்துக்குப் போவதில்லை. ஒரு பயிற்சித்திட்டத்துக்குப் போகிறது. மாணவர் முதலில் திட்டத்தில் சேர்கிறார், பிறகே ஆய்வகத்தைத் தேர்கிறார். அமெரிக்க மருத்துவப் பல்கலைக்கழகங்களின் பொதுச் சேர்க்கைத் திட்டங்கள் இத்தகையவை. முதலாண்டில் இரண்டு மூன்று மாதங்கள் வீதம் ஏறத்தாழ மூன்று ஆய்வகங்களில் ரொட்டேஷன் முறையில் வேலை பார்த்து, ஆண்டு இறுதியில் ஒன்றில் அமர வேண்டும். முதலாண்டுப் பணத்தைத் திட்டமே தருகிறது. அதன்பின் பொறுப்பு பெரும்பாலும் ஆய்வகத் தலைவரிடம் போய்விடும். அதாவது, மூன்றாம் வகையில் நுழைந்தவர் இரண்டாம் ஆண்டில் இரண்டாம் வகைக்கு மாறியிருப்பார், அதை யாரும் அறிவிப்பதில்லை. என்ஐஎச் தரும் டி-32 பயிற்சி நல்கைகள் சில மாணவர்களைக் கூடுதலாக ஓரிரு ஆண்டுகள் சுமக்கும். ஆனால் அதற்கும் குடியுரிமை நிபந்தனை உண்டு என்பதால், ஒரு துறை எத்தனை வெளிநாட்டவரைத் தாங்க முடியும் என்பதை இது மறைமுகமாக நிர்ணயிக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பதாரர் நிராகரிக்கப்படும்போது காரணம் பலசமயம் அவருடைய மதிப்பெண்ணாக இருக்காது; அந்தத் துறையில் டி-32 தவிர வேறு பணம் குறைவாக இருந்ததாக இருக்கும்.

இந்தத் தடை இல்லாத திட்டங்கள் சில உலகெங்கும் நன்கு அறியப்பட்டவை. 1974-இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு ஆறு இடங்களில் இயங்குகிறது. அதன் பன்னாட்டு முனைவர் பட்டத் திட்டத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றன. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லா முனைவர் பட்ட மாணவர்களுக்கும் நிதி தருகிறது, அங்கும் ரொட்டேஷன் உண்டு. வியன்னா பயோசென்டர் திட்டமும் இந்த வரிசையில் வரும். போட்டி கடுமையானது, ஆனால் தேர்வானவருக்குப் பணத்தைப் பற்றிய கவலை மற்ற எங்கேயும்விடக் குறைவு. பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை நிதி தரும் நான்காண்டுத் திட்டங்களும் இதே நற்பெயர் உடையவை.

தேடலும் கடிதமும்

பணம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தபின் தேடும் முறை தானே பிரிகிறது. திட்டத்தின் பெயரில் பணம் இருந்தால் அதன் சேர்க்கைப் பக்கம் போதும். பணியிடமாக அறிவிக்கப்படுவதற்கு யூராக்செஸ், ஃபைண்ட்-ஏ-பிஎச்டி போன்ற பட்டியல்கள் உண்டு. ஆய்வகத்தின் பெயரில் இருக்கும் பணத்துக்குத்தான் நேரடிக் கடிதம் பொருந்தும். இந்த வேறுபாட்டை அறியாமல், சேர்க்கைக் குழு முடிவெடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நூறு பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று சோர்வது வீண். அவர்கள் விரும்பினாலும் இடம் தரும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அங்கே கடிதத்தின் பயன், அடுத்த ஆண்டு ரொட்டேஷன் மாணவர்களை ஏற்கிறாரா என்று அறிவது மட்டுமே. ஸ்டாக்ஹோமிலோ பாசெலிலோ உள்ள ஆய்வகத் தலைவருக்கு எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம்.

கடிதத்துக்கு முன் ஆய்வகத்தின் கட்டுரைகளைப் படிக்கும்போது ஆசிரியர் வரிசையையும் பார்க்க வேண்டும். இத்துறையின் வழக்கப்படி வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும் ஆய்வகத் தலைவர் பெயர் இறுதியிலும் வரும். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் முதல் ஆசிரியராக இருந்தவர்களில் எத்தனை பேர் முனைவர் பட்ட மாணவர்கள், எத்தனை பேர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆய்வகம் மாணவர்களை எதற்காக வைத்திருக்கிறது என்பது ஓரளவு விளங்கும். 2013-இல் தொடங்கிய பயோஆர்க்கைவ் தளத்தில் அச்சேறுமுன் வெளியிடப்படும் கட்டுரைகள், ஆய்வகம் இப்போது எதில் ஈடுபட்டிருக்கிறது என்பதை ஆய்விதழ்களைவிடச் சில மாதங்கள் முந்திச் சொல்லிவிடும். கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் கைக்கு என்னென்ன செய்முறைகள் பழக்கம், அவர்களுடைய வேலையில் எந்தக் கேள்வி உங்களை நிறுத்தியது, எந்த ஃபெல்லோஷிப்புக்கு அவர்கள் ஆதரவோடு விண்ணப்பிக்க எண்ணுகிறீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். மூன்றாவதை எழுதுபவர்கள் குறைவு. பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுவது நாகரிகம் அன்று என்ற தயக்கம் இதற்குக் காரணமாக இருக்கலாம். நிதிக்காக ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த வாக்கியம்தான் மிக விரைவாகப் புரியும்.

காலக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கத் திட்டங்களின் கெடுநாள்கள் டிசம்பர் 1-ஐச் சுற்றியும், நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியிலும் வரும். ஏப்ரல் 15-க்குள் விடை சொல்ல வேண்டும். பிரிட்டனின் பயிற்சித்திட்டங்கள் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் மூடிவிடும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் முதுகலைப் பட்டம் கட்டாயம். அமெரிக்காவில் இளங்கலையோடும் சேரலாம். ஜிஆர்இ என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல உயிர்மருத்துவத் திட்டங்கள் கைவிட்டுவிட்டதால் பரிந்துரைக் கடிதங்களின் எடை கூடியிருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதுபவர் உங்களை ஆய்வக மேசையருகே பார்த்தவராக இருக்க வேண்டும். உயர்பதவியில் இருப்பவரின் பொதுவான பாராட்டுக்கு அங்கே மதிப்புக் குறைவு.

சொந்தப் பணத்தில் சேர்வதைப் பற்றிச் சில சொற்கள். அப்படிச் சேர்பவரிடம் பல நிறுவனங்கள் கல்விக்கட்டணத்துக்கு மேல், ஆய்வகத்தைப் பயன்படுத்துவதற்கான மேசைக்கட்டணமும் கேட்கும். விலங்குகளைக் கொண்டோ பெருமளவு வரிசையாக்கத்தைக் கொண்டோ செய்யும் ஆய்வில் இது தனியொருவரால் தாங்கக்கூடியதன்று. முழு நிதியுள்ள இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி விண்ணப்பதாரரிடமே பணம் கேட்கும் இடைத்தரகர்களைப் பொறுத்தவரை, உண்மையான நிதி எதுவும் அவர்கள் வழியாக நகர்வதில்லை என்பதே போதுமான பதில்.

கையில் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் படிக்க வேண்டியது உண்டு. 2025-இல் அமெரிக்காவின் ஆய்வு நிதி குலைந்தபோது, உயிர்மருத்துவத் திட்டங்கள் பல சேர்க்கையைக் குறைத்தன. சில, ஏற்கெனவே அனுப்பிய சேர்க்கைக் கடிதங்களையே திரும்பப் பெற்றன. ஆகவே, நிதியுறுதி எத்தனை ஆண்டுகளுக்கு, அதைத் தருவது பல்கலைக்கழகமா ஆய்வகத் தலைவரா, "நிதி இருப்பைப் பொறுத்து" என்ற சொற்கள் எந்த வாக்கியத்தில் ஒட்டியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நேர்காணலின்போது தலைவரிடம் கேட்பதைவிட, அங்கே இருக்கும் நான்காம் ஆண்டு மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நெறியாளரின் நல்கை முடிந்துபோன மாணவர்கள் கடைசியாக எப்போது இருந்தார்கள், அவர்களைத் துறை எப்படித் தாங்கியது? கலை அறிவியல் வளாகத்தில் உள்ள உயிரியல் துறையென்றால், இளங்கலை வகுப்புகளுக்கு உதவி ஆசிரியராக அமர்த்தி ஓராண்டை ஓட்டிவிடுவார்கள். மருத்துவக் கல்லூரிக்குள் இருக்கும் துறைகளுக்குக் கற்பிக்க இளங்கலை மாணவர்கள் அதிகம் இல்லை. எனவே அங்கே அந்த வழி குறுகியது. இடைக்கால நிதி என்று துறை தனியாக எடுத்துவைத்திருக்கிறதா என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.